எருவாட்டியைச் சாட்சியாக எழுதிய அறிக்கை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களிடம் வந்து பேசச் சொல்லி அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். மைக்கைக் கண்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "உங்கள் சாதனைகளை எழுதுங்கள் மேடம்" என்றார்கள். சாதனைகளை எல்லாம் என் பணி நிறைவு விழாவில் மாலை போட்டவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். பாதி எனக்கே தெரியாதவை. அவற்றால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் கிடையாது. நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது சரியாகாமல் போயிருந்தால் ஏறக்குறைய நாற்பது பெண்கள் வேலை இழந்திருப்பார்கள். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒரு முதலாளியும் நம் பேச்சை நம்பியிருக்க மாட்டார்.

மாசைத் தடுக்கிற நம் துறை என்றால் மூடுகிற துறை என்றுதான் ஊரில் பேச்சு. ஜீப் தெருமுனையில் திரும்பும்போதே கேட்டைச் சாத்துவார்கள். நானும் முதல் பதினைந்து வருஷம் அப்படித்தான் வேலை பார்த்தேன். நோட்டீஸ் கொடுப்பேன், மூடுவேன், அபராதம் கட்டுவார்கள், திறப்பார்கள், மறுபடியும் அதே கழிவுநீர் அதே ஓடையில் போகும். அலுத்துப்போய்த்தான் வேறு மாதிரி முயன்று பார்த்தேன்.

ராஜபாளையம் பக்கத்தில் காயத்துக்குக் கட்டுகிற பேண்டேஜ் துணி நெய்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தத் துணியை வெளுக்கிற பிளீச்சிங் யூனிட்டுகள் அப்போது பன்னிரண்டு இருந்தன. எல்லாவற்றிலும் குளோரின் கலந்த மருந்துதான். அதை விட்டுவிட்டு மீனுக்கும் மண்ணுக்கும் கெடுதல் குறைந்த முறைக்கு மாறுங்கள், கழிவுநீரைச் சுத்தம் செய்து அதே யூனிட்டுக்குள் திருப்பிப் பயன்படுத்துங்கள், அரசாங்க மானியம் வாங்கித் தருவது என் பொறுப்பு என்று வாசல் வாசலாக ஏறி இறங்கினேன். காபி கொடுத்தார்கள், மாறமாட்டேன் என்றார்கள். ஒரே ஒருவர் மட்டும் சரி என்றார். ராஜபாளையத்தில் தெலுங்கு பேசும் குடும்பம். அதிகம் பேசாத மனிதர். அவருடைய யூனிட் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் இருந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம். அவரை முதலாளி என்றே சொல்கிறேன். தொட்டி கட்டினார், இயந்திரம் போட்டார், மாறியும் காட்டினார். மற்ற பதினொரு பேரும் மதில்மேல் பூனையாக உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் பிழைத்தால் தாங்களும் மாறலாம், இவர் கெட்டால் "நாங்கதான் அப்பவே சொன்னோமே" என்று சிரிக்கலாம்.

அப்படி இருக்கும்போதுதான் பங்குனி முடிகிற சமயம் ஒருநாள் காலையில், அந்த ஊர்க் கண்மாயில் மீன் செத்து மிதக்கிறது என்று எனக்கு வீடியோ வந்தது. எட்டு மணிக்குள் அதே வீடியோ இருபது பேரிடமிருந்து வந்துவிட்டது. டிரைவர் செல்வராசுவைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பினேன். செல்வராசு ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். மீன் இல்லாமல் சோறு இறங்காத மனிதர். அன்றைக்கு அது எனக்கு உதவும் என்று நான் நினைக்கவில்லை.

கண்மாய்க் கரையில் ஊரே நின்றது. தண்ணீர் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கரையோரம் வெள்ளை வெள்ளையாக மீன் ஒதுங்கிக் கிடந்தது. நாற்றம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. மீன் குத்தகை எடுத்த பாண்டி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கரையில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். அந்த வாரம் மீனை மொத்தமாகப் பிடித்து சேத்தூர் வரைக்கும் அனுப்புவதாக வியாபாரிகளிடம் பேசிவைத்திருந்தாராம்.

"பொங்கல் மூணு நாளு யூனிட்டு லீவு மேடம். ஆளில்லாத நேரம் பாத்துக் கழிவத் தொறந்து விட்டுட்டாய்ங்க" என்றார் ஒருவர்.

"மிஷினு போட்டிருக்கேன் மிஷினு போட்டிருக்கேன்னு அம்புட்டுப் பேச்சு. செஞ்ச வேலையப் பாருங்க."

ஊர் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் முந்தின நாள்தான் முடிந்திருந்தது. மூன்று நாளும் யூனிட் பூட்டித்தான் கிடந்தது. இங்கேதான் என் இருபத்தெட்டு வருஷ அனுபவம் என்னைக் கவிழ்த்தது. திருவிழா லீவில்தான் கள்ளத்தனமாகக் கழிவைத் திறந்துவிடுவார்கள் என்பது நான் கண்ணால் கண்ட பாடம். தீபாவளியில் பிடித்திருக்கிறேன், பொங்கலில் பிடித்திருக்கிறேன். அதனால் அந்த ஆள் சொன்னதும் எனக்குச் சுருக்கென்றது. இவரை நம்பித்தானே ஊரெல்லாம் பெருமை பேசினேன், என் முகத்தில் கரியைப் பூசிவிட்டாரே என்று கோபம் தலைக்கேறியது. கோபம் வந்தால் எனக்குக் காது அடைத்துக்கொள்ளும். என் வீட்டில் கேட்டுப் பாருங்கள்.

செல்வராசு என் பின்னால் நின்று, "மேடம், பெருசு மட்டுந்தான் செத்திருக்கு. குஞ்சு குருமானெல்லாம் ஓடிக்கிட்டுத் திரியுது" என்றார்.

"குழம்புக்கு அப்புறம் பார்த்துக்கலாம் செல்வராசு" என்று அவரை அடக்கினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

தண்ணீரை அங்கேயே சோதிக்கிற கருவி பழுதுபார்க்கப் போயிருந்தது. நீங்கள் வேலைக்குச் சேர்ந்தபோதும் அது அங்கேதான் இருந்திருக்கும். பாட்டிலில் பிடித்துக் கொடுத்தால் முடிவு வர நான்கு நாளாகும். கூட்டத்துக்கு நான்கு நாள் பொறுமை ஏது? "இன்னைக்கே மூடணும், இல்லாட்டி ரோட்டுல உக்காந்துருவோம்" என்றார்கள். நான் கையை உயர்த்தி, "சாயங்காலத்துக்குள் கரண்ட் கட்டாகும். யூனிட் மூடப்படும். இது என் வார்த்தை" என்று சொல்லிவிட்டேன். கை தட்டினார்கள். அங்கே நின்றபடியே மேலதிகாரிக்குப் போன் செய்து, இணைப்பைத் துண்டிக்க ஏற்பாடு செய்யுங்கள் சார், அறிக்கை பின்னால் வருகிறது என்றேன். அவர் என் பேச்சை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை. சரி என்றார்.

கை தட்டுகிற கூட்டத்தின் முன்னால் நிற்கும்போது எந்த முடிவும் எடுக்காதீர்கள். எனக்கு அன்றைக்கு அது தெரியவில்லை.

யூனிட்டுக்குப் போனேன். முதலாளியும் அவருடைய தம்பியும் வாசலில் நின்றார்கள். வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு கேட்டுக்கு வெளியே நின்றார்கள். சேதி அதற்குள் வந்துவிட்டது. அதில் ஒரு பெண் என்னைப் பார்த்து, "மேடம், நாங்க எங்க போறது?" என்றாள். சத்தம் போட்டுக் கேட்டிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். அவள் வழி கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேட்டாள்.

முதலாளி, "நான் திறக்கல மேடம்" என்றார்.

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க."

"நீங்க சொன்னீங்கன்னுதானே மேடம் மாத்தினேன். பழசையே வச்சிருந்தா நோட்டீசோட போயிருக்கும்."

அதற்கு மேல் அவர் வாதாடவில்லை. தம்பியிடம் தெலுங்கில் ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது "மேடம்" என்ற ஒரு சொல் மட்டும்தான்.

அறிக்கை எழுத வேண்டுமானால் கழிவு வந்த வழியில் மாதிரி எடுக்க வேண்டும். அந்த வழக்கத்தை மட்டும் நான் எந்தக் கோபத்திலும் விட்டதில்லை. யூனிட்டின் பின்பக்கத்திலிருந்து கண்மாய்க்கு ஒரு பழைய ஓடை போகிறது. கண்மாய்க்குள் எது போவதாக இருந்தாலும் அந்த ஓடை வழியாகத்தான் போயாக வேண்டும். பாட்டிலை எடுத்துக்கொண்டு செல்வராசுவோடு ஓடைக்குள் இறங்கினேன்.

இருபது எட்டு நடந்திருப்பேன். நின்றுவிட்டேன். ஓடையின் அடித்தரையில் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை எருவாட்டி, அதாவது சாணி வறட்டி, தட்டிக் காயவைத்திருந்தது. வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் ஐந்து விரல் பதிந்து, மேலே வெளுத்துக் கிடந்தது. ஒன்றைக் காலால் புரட்டினேன். அடிப்பக்கமும் காய்ந்திருந்தது.

குனிந்து இன்னும் இரண்டைப் புரட்டினேன். அவையும் அப்படியே.

"ஏம்மா, யாரு அது? எருவாட்டிய மிதிக்காதீய!" என்று மேலே இருந்து ஒரு குரல். நாற்பது வயதுப் பெண், இடுப்பில் கூடை. அவர் பெயர் மாரியம்மாள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைக்கிறவர்.

"இதை எப்போ தட்டினீங்க?"

"பொங்க தொடங்குன அன்னைக்குக் காலையில. வீட்டுக்கு விருந்தாளு வாராக, வாசல்ல தட்ட எடமில்ல. அதான் இங்க வந்தேன்."

"இந்த மூணு நாளில் இந்த ஓடையில் தண்ணி வரலையா?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணி வந்தா நா எதுக்கு இங்க தட்டுதேன்? வருசம் ஒண்ணாச்சு இதுல தண்ணி வந்து. அந்த மிஷினு போட்ட பொறவு சொட்டு வரல. மின்னெல்லாம் நொரையும் நாத்தமுமா வரும்."

பச்சை எரு மூன்று நாளில் அந்த அளவுக்குத்தான் காயும். நடுவில் ஒருமுறை தண்ணீர் வந்திருந்தால் மொத்தமும் கரைந்து போயிருக்கும். திரும்பி செல்வராசுவைப் பார்த்தேன்.

"காலையில் என்ன சொன்னீங்க? பெரிய மீன் மட்டும்தானா?"

"ஆமா மேடம். வெசம்னா சின்னது பெருசுன்னு பாக்குமா? குஞ்சுதான மொதல்ல போகும்? இது மூச்சு முட்டிச் செத்தது. பெருசுக்குத்தான் காத்து நெறைய வேணும். கண்மாயில தண்ணி கொறைஞ்சு போச்சுல்லா, மூணு நாளா காத்தே அசையாம வெயிலு வேற கொதிக்கி. விடியக்காலம் அதுபாட்டுக்கு வாயத் தொறந்து மேல வந்திருக்கும்."

இது நான் கல்லூரியில் படித்துப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பாடம். மீன் வாங்கித் தின்றே அவர் கற்றிருந்தார். நான் படித்து மறந்திருந்தேன்.

தண்ணீர் ஏன் குறைந்தது என்று கேட்டேன். மாரியம்மாள் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். கண்மாய் மடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கூடையை மாற்றி வைத்துக்கொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. தண்ணீர் குறைந்தால் மீன் பிடிக்கச் சுலபம். பாண்டி மடையைத் திறந்துவிட்டிருக்கிறார். ஊர் பொங்கலில் இருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

மணி பன்னிரண்டரை. மேலதிகாரிக்குப் போன் செய்தேன்.

"சார், கரண்டைக் கட் பண்ண வேண்டாம். நிறுத்துங்க."

"ஏன்?"

"நான் சொன்னது தப்பு."

"என்ன ஆதாரம்?"

"எருவாட்டி சார்."

சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். நான் விவரம் எல்லாம் சொன்ன பிறகு, "இதை அப்படியே எழுத்தில் கொடுப்பியா?" என்று கேட்டார்.

"கொடுப்பேன் சார்."

"கொடு. நான் நிறுத்திடறேன். ஆனா கூட்டத்துக்கிட்ட வாயால சொன்னது நீ. அதை வாயாலதான் திருப்பி எடுக்கணும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது."

அந்த மனிதரிடம் நான் கற்றுக்கொண்டது நிறைய. அன்றைக்கு அவர் என்னைத் திட்டவில்லை என்பதை மட்டும் இங்கே பதிவு செய்கிறேன். நாளைக்கு உங்களுக்குக் கீழே ஒருவர் வந்து தப்பை ஒத்துக்கொண்டால் நீங்களும் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள்.

யூனிட்டிலிருந்து கரைக்குத் திரும்பி நடந்தது ஒரு பத்து நிமிஷம் இருக்கும். ஜீப்பில் ஏறி அப்படியே விருதுநகர் ஆபீஸுக்குப் போய்விடலாமா என்று ஒரு யோசனை வந்தது உண்மை. அறிக்கையில் விவரமாக எழுதினால் போதாதா, கலெக்டர் ஆபீஸில் பேசிக்கொள்ளட்டுமே என்று மனசு சாக்குத் தேடியது. கேட்டில் நின்ற அந்தப் பெண்ணின் கேள்விதான் என்னை நடக்கவைத்தது. இன்னொரு கவலையும் இருந்தது. உண்மையை முழுதாகச் சொன்னால் கூட்டத்தின் கோபம் பாண்டிமேல் திரும்பும். ஊரைக் கேட்காமல் மடையைத் திறப்பது சின்னக் குற்றம் இல்லை. ஏற்கெனவே மீனைப் பறிகொடுத்தவரை அடிக்கவும் விட்டால் நான் என்ன அதிகாரி?

அதனால் என் பங்கை மட்டும் சொல்வதென்று முடிவு செய்தேன். கரையில் நின்று, "காலையில் நான் சொன்னது தப்பு. இது யூனிட்டுக் கழிவால் செத்த மீன் இல்லை. தண்ணீர் குறைந்து, காற்று இல்லாமல் செத்தது. தீர விசாரிக்காமல் வார்த்தை கொடுத்தேன். யூனிட்டை மூடமாட்டோம்" என்றேன்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல், "எம்புட்டு வாங்குனீக?"

இருபத்தெட்டு வருஷ வேலையில் ஒருவரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கூட்டத்துக்குள்ளிருந்து மாரியம்மாள் வந்தார். எனக்குப் பின்னாலேயே நடந்து வந்திருக்கிறார்.

"ஏலே, யாருலே அது வாங்குனீகளான்னு கேட்டது? ஓடைக்குள்ள போய்ப் பாரு. எருவாட்டி காஞ்சு கெடக்கு. கழிவு பறந்தா வந்துச்சு? மூணு நாளா ஒவ்வொருத்தன் வயலுக்கும் மடைத்தண்ணி பாஞ்சுச்சே, எங்கேருந்து வருதுன்னு எவனாச்சும் கேட்டியளா? பேசாமப் பாச்சிக்கிட்டீக. இப்ப அந்தம்மாவக் கேக்க வந்துட்டான்."

நாலைந்து பேர் தரையைப் பார்த்தார்கள். இரண்டு பேர் நிஜமாகவே ஓடையைப் பார்க்கப் போனார்கள். திரும்பி வந்து, ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்போது பாண்டி எழுந்தார். தலைத்துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டார்.

"மடையத் தொறந்தது நாந்தான். ரெண்டு சாண் எறக்கிட்டு மூடணும்னு நெனச்சேன். பொங்கல்ல மறந்துட்டேன்" என்றார். என்னைப் பார்க்கவில்லை. "அவிய மேல பழி போடணும்னு இல்ல மேடம். ஊரே அவியளச் சொல்லுச்சு, நா பேசாம இருந்துட்டேன்."

யாரும் அவரை அடிக்கவில்லை. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டவர்கள் எப்படி அடிப்பார்கள்? ஊர்ப் பெரியவர் ஒருவர் நன்றாக ஏசினார். பாண்டி வாங்கிக்கொண்டார். அப்படியே கரையில் உட்கார்ந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.

அதோடு முடிந்திருந்தால் பாதிதான் நிம்மதி. செல்வராசு என் காதருகே வந்து, "மேடம், செத்த நேரம் கேளுங்க. இருக்கிற மீனும் நாளைக்கு விடியத் தாங்காது. தண்ணிய அலசி விடணும்" என்றார். இந்த முறை கேட்டேன். மடையை மூடச் சொன்னேன். மறுபடியும் யூனிட்டுக்குப் போனேன். காலையில் யாரைத் திருடன் மாதிரி பேசினேனோ அவரிடமே போய், முதலில் மன்னிப்புக் கேட்டு, அடுத்த மூச்சில் டீசல் மோட்டார் கேட்டேன். இப்படி ஒரு வெட்கம் கெட்ட வேலை நம் சர்வீஸ் விதியில் எங்கும் எழுதியில்லை.

முதலாளி, "அந்த மீனும் செத்தா நாளைக்கும் என்னைத்தான் சொல்வாங்க" என்றார். சிரித்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு மோட்டாரை டிராக்டரில் ஏற்றி அனுப்பினார். பொழுது சாய்வதற்குள் கண்மாய்த் தண்ணீரை இறைத்து அதே கண்மாய்க்குள் மழை மாதிரி பீச்சியடிக்க ஏற்பாடாகிவிட்டது. முதலாளியின் தம்பியும் பாண்டியும் ஒரே குழாயை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள்.

அறிக்கையை அன்றைக்கே எழுதினேன். ஓடையில் எருவாட்டி காய்ந்து கிடந்தது, தட்டிய தேதி, தட்டியவர் வாக்குமூலம் எல்லாம் அதில் இருக்கும். அலுவலகத்தில் அதைப் படித்தவர்கள் ரொம்ப நாள் என்னை எருவாட்டி மேடம் என்று கேலி செய்தார்கள். எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. நான்கு நாள் கழித்து வந்த பரிசோதனை முடிவும் அதையேதான் சொன்னது. மதில்மேல் உட்கார்ந்திருந்த பதினொரு பேரில் மூன்று பேர் அடுத்த வருஷம் மாறினார்கள். மற்றவர்கள் மெதுவாக வந்தார்கள். இன்னும் இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் உங்கள் பாடு.

அரசாங்கம் பசுமையை வளர்க்கிறது என்று சுவரொட்டியில் எழுதியிருக்கும். வளர்க்கிற இடம் இதுதான், பிள்ளைகளா. ஒரு முதலாளி நம்மை நம்பி ஒரு நல்ல காரியம் செய்கிறார். அவரை நாமே கோபத்தில் அழித்துவிட்டால் அந்த ஊரில் அதற்கு அப்புறம் எந்தத் திட்டமும் முளைக்காது. அவர் நிஜமாகவே தப்புச் செய்திருந்தால் மூடுங்கள். நான் தயங்கியதில்லை, நீங்களும் தயங்காதீர்கள். ஆனால் முதலில் ஓடைக்குள் இறங்கி நடங்கள்.

மறுநாள் விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு என் போன் அடித்தது. சரியாகத் தூங்காமல் அடுப்படியில் காபிக்குப் பாலை வைத்துவிட்டு நின்றேன். பாண்டி.

"மேடம்."

"சொல்லுங்க பாண்டி."

"ஒண்ணும் மெதக்கல மேடம்."

"நல்லாப் பாத்தீங்களா?"

"கரை முழுக்கச் சுத்தி வந்துட்டேன். ஒண்ணுகூட மெதக்கல."

அவருக்குப் பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. கூடவே பெண்கள் கூட்டமாகப் பேசிச் சிரித்துக்கொண்டு போகும் சத்தமும் கேட்டது. யார் அது என்று கேட்டேன்.

"யூனிட்டு ஆளுக மேடம். மொத ஷிப்டு வேலைக்குப் போறாக" என்றார் பாண்டி.